பெடல்போர்டுக்கு ஆம்பியர் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கிதார் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கும் பலகையான பெடல்போர்டு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பெடல்கள் இழுக்கும் மின்னோட்டத்தைக் கூட்டி, அதைவிடப் பெரிய 9 வோல்ட் அடாப்டர் ஒன்றை வாங்கினால் போதும் என்று முடிகிறது. கூட்டிப் பார்ப்பது சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்கினால் இரைச்சலும் கூடவே வந்து சேரும். அதனால் இந்தத் திருத்தத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் 10 மில்லிஆம்பியர், ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸ் 30, எதிரொலி தரும் டிஜிட்டல் டிலே 150, கூட முழக்கம் தரும் ரிவெர்ப் 300 இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 490. 1,000 மில்லிஆம்பியர் அடாப்டரில் பல பெடல்களுக்குக் கிளை பிரியும் டெய்சி செயின் ஒயரை மாட்டினால் நான்கும் வேலை செய்யும். ஆனால் பெடலிலிருந்து பெடலுக்கு ஒலியைக் கடத்தும் பேட்ச் கேபிள் வழியாக ஏற்கெனவே இணைந்திருக்கும் கிரவுண்டு (பெடல்களின் பொது இணைப்பு), செயினின் மைனஸ் ஒயர் வழியாக இன்னொரு முறையும் இணைந்துவிடுகிறது. டிலேயும் ரிவெர்ப்பும் உள்ளே இருக்கும் டிஜிட்டல் சிப்புக்காகத் துடித்துத் துடித்து மின்சாரம் இழுப்பவை. அந்தத் துடிப்பு பொது ஒயரில் ஏறும். ஓவர்டிரைவ் அதையும் கிதார் ஒலியோடு சேர்த்துப் பெருக்கிவிடும். காதோரம் கொசு பறப்பது போன்ற ஒரு ரீங்காரம், கெயினை (பெருக்கும் அளவை) கூட்டக் கூட்ட ஏறிக்கொண்டே போகும். 2,000 மில்லிஆம்பியர் அடாப்டர் மாட்டினாலும் அது போகாது.

இதற்கு வேண்டியது ஐசோலேட்டட் பவர் சப்ளை. அதில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் மைனஸ் தனி. பெட்டியில் அந்தச் சொல் அச்சாகியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சப்ளையின் பிளக்கைப் பிடுங்கி, பெடல்களுக்குப் போகும் ஒயர்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, இரண்டு அவுட்புட்களின் நடு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு நடு முனைதான் மைனஸ். பீப் அடித்தால் அது பல சாக்கெட் வைத்த டெய்சி செயினே.

ஐசோலேட்டட் சப்ளையிலும் மொத்தக் கணக்கு ஏமாற்றும். எட்டு அவுட்புட், ஒவ்வொன்றும் 100 மில்லிஆம்பியர் என்றால் மொத்தம் 800. ஆனால் மேலே சொன்ன ரிவெர்ப் அதில் ஓடாது; விளக்கு மினுக்கும், அல்லது வாசிப்பின் நடுவே ரீஸ்டார்ட் ஆகும். ஆன் செய்யும் கணத்தில் டிஜிட்டல் பெடல் கூடுதலாக இழுக்கக்கூடும் என்பதால் 300 கேட்கும் பெடலுக்கு 400 தரும் அவுட்புட்டே நல்லது. மறுபுறம், 10 மில்லிஆம்பியர் பெடலை 500 அவுட்புட்டில் மாட்டினால் எரிந்துபோகுமோ என்ற பயம் வீண். தனக்கு வேண்டியதை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும்.

வோல்டேஜில் அந்தச் சலுகை கிடையாது. 9 வோல்ட் பெடலுக்கு 18 கொடுத்தால், உள்ளே 16 வோல்ட் வரை மட்டும் தாங்கும் கெபாசிட்டர் இருந்தால் உப்பிவிடும். சில ஓவர்டிரைவ்களில் வோல்டேஜை மாற்றித் தர இருக்கும் மேக்ஸ் 1044 சிப் 10.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ரெகுலேட்டர் இல்லாத பழைய அடாப்டர்களில் 9 என்று போட்டிருந்தாலும், லோடு குறைவாக இருக்கும்போது 12, 13 கூட வரும். மீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஒருசில பழைய டிலேக்கள் கேட்பது 9 வோல்ட் ஏசி. டிசி அவுட்புட் அதற்கு ஆகாது. பாசிட்டிவ் கிரவுண்டு (பிளஸ் முனையே கிரவுண்டு) உள்ள ஜெர்மானியம் ஃபஸ் என்ற கரகரப்புப் பெடலை மற்றப் பெடல்களோடு டெய்சி செயினில் சேர்த்தால் பிளஸ்ஸும் மைனஸும் ஷார்ட் ஆகும். அதற்குத் தனி ஐசோலேட்டட் அவுட்புட் வேண்டும்; சாக்கெட்டின் முனைகள் மாறியிருந்தால் முனை மாற்றும் ஒயரும் வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், பேட்டரி போட வழியுள்ள பெடல்களை ஒவ்வொன்றாக பவர் ஒயரிலிருந்து கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றம் பவர் பக்கம். நிற்காவிட்டால் கேபிளையும், கிதாரின் தந்தி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பையும் சோதியுங்கள். காலால் அசைத்து ஒலியை ‘வா-வா’ என்று மாற்றும் வாவா பெடல் மட்டும் தனி ரகம். அதனுள் இருக்கும் இண்டக்டர் என்ற கம்பிச்சுருள், பக்கத்திலுள்ள சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலத்தையே ஹம்மாக (உறுமலாக) பிடித்துக்கொள்ளும். பலகைக்கு அடியில் சப்ளையைத் திருகி முடுக்கும் முன், வாவாவை ஆன் செய்து, சப்ளையை அங்குமிங்கும் நகர்த்தி, ஹம் அடங்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெடல்போர்டு அமைக்கும் வாசகர்