குப்பைக்கிடங்கு மீத்தேனை நேரில் அளக்கக் கோரி நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மைனிங் சர்தார்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: எங்கள் ஊர்க் குப்பைக்கிடங்கிலிருந்து வெளியேறும் மீத்தேனை (குப்பை மக்கும்போது உண்டாகும், தீப்பிடிக்கும் வாயு) கருவி வைத்து அளக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். மைனிங் சர்தாராக, ஆட்கள் வேலையிடத்துக்குப் போகும் முன் கேஸ், அதாவது மீத்தேன், இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. பாதுகாப்பு விளக்கின் திரியை இறக்கி, மெதுவாகக் கூரைப் பக்கம் உயர்த்துவோம். மீத்தேன் காற்றைவிட லேசு, மேலேதான் தங்கும். சுடரின் தலையில் வெளிர்நீலமாய் ஒரு தொப்பி தெரிந்தால் கேஸ் இருக்கிறது. காற்றில் அது 1.25 சதவீதத்தைத் தாண்டினால் ஆட்களை வெளியேற்றியாக வேண்டும். 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும். 1965-ல் தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் இறந்ததைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள்.

போன ஜூலை மழையில், கிடங்கின் ஓரம் தேங்கிய தண்ணீரில் உலை கொதிப்பது போல விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தது. கை வைத்தேன், தண்ணீர் சில்லென்றிருந்தது. எவ்வளவு வாயு வருகிறது என்று விசாரித்தேன். சேரும் குப்பையின் எடையை ஒரு எண்ணால் பெருக்கி எடுத்த மதிப்பீடுதான் இருக்கிறது என்றார்கள்.

சுரங்கத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கேஸ் எவ்வளவு வரும் என்பதை வைத்துச் சுரங்கங்களை 'டிகிரி' என்று தரம் பிரிப்பார்கள். வெட்டும் நிலக்கரி டன்னுக்கு 1 கனமீட்டர் கேஸுக்குள் என்றால் முதல் டிகிரி, 10-க்கு மேல் என்றால் மூன்றாம் டிகிரி. சரி, 10-க்கு மேல் என்றால் 11-ஆ, 30-ஆ? அதைச் சொல்ல, காற்று வெளியேறும் பாதையில் நின்று காற்றின் வேகம், பாதையின் குறுக்குப் பரப்பு, மீத்தேன் சதவீதம் மூன்றையும் எடுத்துப் பெருக்க வேண்டும். ஒரே நாள் எடுத்தால் போதாது. காற்றழுத்தம் இறங்கும் நாளில், வெட்டி முடித்த இடங்களிலிருந்து கேஸ் கூடுதலாகக் கசியும். குப்பைமேடும் அப்படித்தான்.

குப்பைமேட்டில் சுரங்கம் போலக் காற்று வெளியேறும் பாதை கிடையாது. அடிப்பக்கம் திறந்த பெட்டியை மண்மேல் கவிழ்த்து, உள்ளே மீத்தேன் ஏறும் வேகத்தைப் பல இடங்களில், முக்கியமாக மண் விரிசல் விட்ட இடங்களில் எடுக்க வேண்டும். அப்புறம் ஒன்று. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மீத்தேனை அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் கருவியைச் சமவெளியில் சரிபார்த்துக் கொண்டுவந்தால், அது அழுத்தத் திருத்தம் செய்யாவிட்டால் இங்கே குறைத்துக் காட்டும். அளவு தெரிந்த வாயுவைக் கொண்டு இந்த மலையிலேயே சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும்.

நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். 20 வருடக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். கிடங்கில் தீப்பிடித்தால் புகையைச் சுவாசிப்பது பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள்.

ஆகவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்களைக் கொண்டு கோடையில் ஒரு முறை, தென்மேற்குப் பருவமழையில் ஒரு முறை, பனிக்காலத்தில் ஒரு முறை அளந்து, அன்றைய காற்றழுத்தத்தோடும் குப்பையின் எடையோடும் சேர்த்து எண்களை ஊர்ப் பலகையில் ஒட்ட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கருவி வரும் நாளில் கூட நின்று இடம் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)