அம்மாவின் நீல அடையாள அட்டைக்குத் துணை நின்ற இருவருக்கு

சுங்கை சிப்புட் வாழ் உறவுகளுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு மலேசியக் குடியுரிமை கிடைத்துவிட்டது. 1960இல், 12 வயதுப் பிள்ளையாக வாங்கிய, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையை இந்த வயதில்தான் திருப்பிக் கொடுத்தார். குடிமக்களுக்கான நீல அட்டையைக் கையில் வாங்கி, அதிலிருந்த தன் படத்தைத் தடவிப் பார்த்து, "ஒங்கப்பா இருந்திருக்கணும்" என்றார்.

உதவியவர்கள் பலர். ஆனால் இந்த மடலைப் பொதுவில் எழுதுவது முக்கியமாக இருவருக்காக. ஒருவர், எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிற்சங்கச் செயலாளராகவும் பிறகு ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளைத் தலைவராகவும் இருந்த ஐயா. மற்றவர், அவர் கையால் வளர்ந்து, 2008இல் அவரை விட்டு எதிரணிக்குப் போன அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். ஊருக்குத் தெரியும்.

அம்மா பிறந்தது 1948. அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி நம் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளையைப் பதிய, அந்த நேரத்தில் தாத்தா பட்டணத்துக்குப் போகவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு அட்டை. சுதந்திரத்துக்குப் பிறகு மனுப் போட்டிருக்கலாம்தான். பால்மரக் காட்டுக்குள் வந்து அதை யார் எடுத்துச் சொன்னார்கள்? 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானபோது, ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். அம்மாவின் சித்தப்பா குடும்பம் ரஜூலா கப்பலில் போனது. அம்மா இருந்துவிட்டார். விடியுமுன் எழுந்து மரம் சீவினார், எங்களைப் படிக்க வைத்தார். ஓட்டு மட்டும் இல்லை. குடிமக்களுக்கு என்று அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணமும் இல்லை.

சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்தவர்கள் மனுச் செய்து குடியுரிமை பெறக் கூட்டரசு அரசியலமைப்பின் 16ஆவது பிரிவில் வழி இருக்கிறது. நன்னடத்தை வேண்டும், ஓரளவு மலாய் தெரிய வேண்டும், மனுவுக்கு முந்தைய ஏழு வருடங்களில் மொத்தம் ஐந்து வருடமாவது இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். இவையெல்லாம் அம்மாவிடம் இருந்தன. இங்கேதான் பிறந்தார் என்பதற்கு ஒரு தாள் இல்லை. பல வருடங்களாக எங்கள் மனு அந்த இடத்திலேயே நின்றது.

கடைசியில் ஐயாவிடம் போனேன். பேறுகாலச் சம்பளம் கொடுப்பதற்காகத் தோட்ட ஆஸ்பத்திரி டிரெசர் (மருத்துவ உதவியாளர்) பிறப்புகளை ஒரு பேரேட்டில் எழுதி வைப்பார் என்றும், தோட்டம் கைமாறிய நேரத்தில் ஆபீசுக் குப்பையோடு கொளுத்தப் போட்டிருந்த அந்தப் பழைய பேரேடுகளைத் தாம் எடுத்து வந்ததாகவும் சொன்னார். "இப்ப எங்க ஐயா இருக்கு?" என்று கேட்டேன். "தம்பிகிட்ட இருக்கு. போய்க் கேளு. பத்திரமா வெச்சிருப்பான்" என்றார்.

தம்பி என்றது அண்ணனை. பதினைந்து வருடங்களுக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாத மனிதரைப் பற்றி அவர் சொன்னது அது.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், இளையவர்களுக்குத் தெரியாது. அண்ணனின் அப்பா இறந்தபோது அவர் ஐந்தாம் படிவத்தில் இருந்தார். சோதனைக் கட்டணம் கட்டியது ஐயா. பிறகு வேலைக்குச் சிபாரிசு செய்து, போய்வரத் தன் கப்சாய் மோட்டாரைக் கொடுத்ததும் ஐயா. அண்ணன் அதைச் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. தேர்தல் என்றால் வீட்டுக்குப் போகாமல் கொடி கட்டினார், லயம் லயமாக நடந்து ஓட்டுக் கேட்டார். 1988இல் ம.இ.கா.வுக்குள் தலைவர் சாமிவேலுவும் பண்டிதனும் பிரிந்தபோது தோட்டத்து இளைஞர்களில் பலர் பண்டிதன் பக்கம் போனார்கள். அண்ணனுக்கும் மனம் அங்கேதான் இருந்தது என்பது அப்போது அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். ஐயாவுக்காக நின்றார். ஐயாவின் மனைவி ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெற்ற பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து சேரும் வரை வராந்தாவில் படுத்திருந்ததும் அவர்தான். ஐயா தன் பெட்டிச் சாவியை நம்பிக் கொடுத்த ஒரே ஆள். பேரேடுகள் அந்தக் காலத்தில்தான் அண்ணன் வீட்டுக்குப் போயின.

பிறகு 2008 மார்ச் 8. 1974 முதல் நம் தொகுதியை வைத்திருந்த டத்தோஸ்ரீ சாமிவேலு 1,821 ஓட்டில் எதிரணி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் அண்ணன் டாக்டர் பக்கம் வேலை செய்தார். தோட்ட வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது கூட நின்றவர்களோடு நிற்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஐயாவின் வீட்டு வாசலில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போனார்; அதை நான் என் காதால் கேட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் தமிழ்ப்பள்ளிக்கு வெளியே ரோட்டின் இந்தப் பக்கம் ஒருவர் கூடாரம், அந்தப் பக்கம் ஒருவர் கூடாரம். 2022 நவம்பரில் மேலே இருப்பவர்கள் சேர்ந்து ஒரே அரசாங்கம் அமைத்தார்கள். நம் ஊரில் இந்த இருவரும் சேரவில்லை.

பேரேட்டைக் கேட்டுப் போனேன். அண்ணன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்தார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, பூச்சி அரிக்காமல் இருக்க நாப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்தார். அம்மாவின் பெயர் இல்லை. "பெண் பிள்ளை" என்று மட்டும், பக்கத்தில் தாத்தா, பாட்டி பெயர், லயத்து எண், தேதி. அதைப் படித்துவிட்டு அண்ணன் சொன்னார்: "இது மட்டும் பத்தாதும்மா. அந்தப் பிள்ளை இவங்கதான்னு தெரிஞ்ச ஒரு பெரியவர் சத்தியப் பிரமாணம் பண்ணணும். இந்தத் தோட்டத்துல அதுக்கு இன்னும் மிஞ்சியிருக்கிறது ஐயா ஒருத்தர்தான்." சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

ஐயா வீட்டில் இருவரும் பழையதைப் பற்றிப் பேசவில்லை. "வாப்பா" என்றார் ஐயா. "பேரேடு இருக்குண்ணே" என்றார் இவர். பேச்சு நேராக மனுவுக்குப் போய்விட்டது. மறுநாள் அண்ணன் காரிலேயே சத்தியப் பிரமாண ஆணையரிடம் போனோம். எண்பதைத் தாண்டிய ஐயா ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்திட்டார். அவருடைய கட்சிக்காரர் ஒருவர், இந்த நேரத்தில் அவனோடு ஏன் காரில் போகிறீர்கள் என்று போனில் கேட்டிருக்கிறார். "அந்தப் பிள்ளை பொறந்த லயத்துக்குப் பக்கத்து வீடு நான். நான் போகாம யார் போவா?" என்பதுதான் ஐயா சொன்ன பதில். அதன்பின் அரசாங்கத் தலைமை அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயா வரை மனுவைத் தொடர்ந்து விசாரித்தது அண்ணன். எந்தப் பக்கம் ஆட்சியில் இருந்தாலும் அலுவலகங்களில் அவருக்குப் பழக்கம் உண்டு. அதை எங்களுக்காகச் செலவு செய்தார்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. அம்மா முதலாம் வகுப்பில் படித்த பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை. நேர்காணலுக்கு மலாய் பழக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆசிரியை, அம்மா அவரை "சிக்கு" (மலாயில் ஆசிரியர்) என்று கூப்பிடுவது இன்னும் நிற்கவில்லை. தன் தாயார் பிரசவம் பார்த்த கதையை எழுதிக் கொடுத்த மருத்துவச்சியின் மகள். நேர்காணலில் அம்மாவின் பேச்சை அவசரப்படுத்தாமல் கேட்ட அந்த இளம் அதிகாரி. எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனை "நன்றி கெட்டவன்" என்று சிலர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். ஐயாவை, "வளர்த்த கடா மார்பில் பாய்ந்ததுகூடத் தெரியாத ஆள்" என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பட்ட உதவிக்காக ஒருவர் தன் ஓட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஐயா ஒருநாளும் கேட்டதில்லை. தனக்குப் பிடிக்காத கட்சியில் இருப்பவர் கொடுத்த பொருள் என்று அண்ணன் அந்தப் பேரேடுகளை வீசி எறியவும் இல்லை. அவர்கள் அரசியலில் எனக்கும் மாற்றுக் கருத்து உண்டு. இருவரிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த இருவரின் நடத்தையைக் குறை சொல்ல நம்மில் யாருக்கும் தகுதி கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போதெல்லாம் வாக்காளராகத் தனியே பதிய வேண்டியதில்லை. அம்மாவின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். யாருக்குப் போடுவீர்கள் என்று ஐயாவும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை.

ஒரு செய்தி. அந்தப் பேரேடுகளில் இன்னும் பல பிள்ளைகளின் பிறப்பு எழுதியிருக்கிறது. இருவரும் சம்மதித்து அவற்றைக் கோயில் அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் சிவப்பு அட்டையோடு பெரியவர்கள் இருந்தால், ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வாருங்கள். தாய் தகப்பன் பெயர், தெரிந்தால் லயத்து எண், பழைய அட்டை, பள்ளிப் பதிவு என்று கையில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். ஐயா இருப்பார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அண்ணன் படித்துச் சொல்வார்.

அன்புடன்,
தோட்டத்து மகள் ஒருத்தி
சுங்கை சிப்புட், பேரா