வாலிலிருந்து பிரி, கண்ணு

ஈரோடு

அன்புள்ள கண்ணு,

"ஒரு மெடிக்கல் வார்த்தையைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குதும்மா" என்று போனில் அழாத குறையாகச் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். எழுதிப் பிரித்துக் காட்டினால்தான் புரியும்.

முழு வார்த்தையையும் உருப்போடாதே. அதெல்லாம் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. வாலிலிருந்து, அதாவது கடைசித் துண்டிலிருந்து, பிரித்துக்கொண்டு வா.

டெங்கு சமயத்தில் அந்தியூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டி, "த்ராம்போசைட்டோபீனியான்னு பேரன் படிச்சானுங்க, புது வியாதிங்களா?" என்றார். பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். கடைசியில் 'பீனியா', பற்றாக்குறை. நடுவில் 'சைட்டோ', செல். முன்னால் 'த்ராம்போ', இரத்தம் உறைவது. இரத்தத்தை உறைய வைக்கிற செல்தான் தட்டணு. "அட, தட்டணு கம்மிங்களா! அதைச் சொல்றதுக்கா இத்தனை நீளம்?" என்றார். நியாயமான கேள்விதான்.

நடுவில் வரும் 'ஓ'வுக்குப் பொருள் கிடையாது. நம் இலக்கணத்தில் இரண்டு உயிர் சேர்ந்தால் நடுவில் ய, வ வருமே, அதுபோல அங்கே மெய்யும் மெய்யும் முட்டாமலிருக்க 'ஓ'. அதனால்தான் இரைப்பையைக் குறிக்கும் 'கேஸ்ட்ரோ'வோடு 'ஐட்டிஸ்' என்ற அழற்சி வால் சேரும்போது 'ஓ' விழுந்து கேஸ்ட்ரைட்டிஸ் ஆகிறது. ஆனால் இரண்டு உறுப்புப் பெயர் சேர்ந்தால், அடுத்தது உயிரில் தொடங்கினாலும் 'ஓ' அப்படியே நிற்கும்: இரைப்பையும் குடலும் சேர்ந்த கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்.

அப்புறம், பொருளுக்குப் பிரிப்பது வேறு, வாய்க்குப் பிரிப்பது வேறு. தெர்மாமீட்டர் பொருளில் தெர்மோ, மீட்டர் என்று இரண்டே துண்டு. உச்சரிக்கும்போது தெர்-மாம்-இ-டர் என நான்கு அசை, அழுத்தம் இரண்டாவதில். இரண்டையும் குழப்பினால் வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், நாக்கு மாட்டிக்கொள்ளும்.

துண்டுகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அனீமியாவைப் பிரித்தால் 'இரத்தம் இல்லை' என்று வரும். உண்மையில் ஹீமோகுளோபின் குறைவு, அவ்வளவுதான். ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (அதிகம்) இரண்டையும் மட்டும் அவசரத்தில் படிக்காதே. ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை குறைவு, உடனே குளுக்கோஸ் கொடுப்பார்கள். ஹைப்பர்கிளைசீமியாக்காரருக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும், நீயே சொல்.

அமுச்சி முறுக்கு சுட்டு வைத்திருக்கிறது, கூரியரில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஹெப்பட்டோஸ்ப்ளீனோமெகலியில் எந்தெந்த உறுப்பு, என்ன ஆகியிருக்கிறது என்று சொல். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது.

அம்மா