ஆடம்ஸ் வீட்டுப் பிள்ளை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அமெரிக்கா பிறந்து ஐம்பது வருஷம் ஆவதற்குள் அப்பாவும் மகனும் அதிபராகிவிட்டார்கள், அது வாரிசு அரசியல் இல்லையா என்று கேட்டிருந்தாய். அப்பா ஜான் ஆடம்ஸ், மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ். குடும்பச் செல்வாக்கு இல்லையென்று சாதிக்க மாட்டேன். பதினான்கு வயதில் ரஷ்யாவுக்குத் தூதரின் செயலராகப் போகும் வாய்ப்பு எந்த ஏழை வீட்டுப் பையனுக்குக் கிடைக்கும்?

ஆனால் அந்த வீடு பிள்ளைக்குக் கொடுத்தது பதவி மட்டுமில்லை. 1775 ஜூன் 17. அப்பா பிலடெல்பியாவில். அம்மா அபிகெய்ல் ஏழு வயது மகனோடு வீட்டருகே குன்றில் நின்று, விடுதலைப் போரில் ஆங்கிலேயப் படையோடு நடந்த பங்கர் ஹில் சண்டையையும், பக்கத்துச் சார்ல்ஸ்டவுன் ஊர் எரிவதையும் பார்க்கிறாள். பையனின் ஆள்காட்டி விரல் முறிந்தபோது அதை வெட்டாமல் காப்பாற்றிய டாக்டர் ஜோசப் வாரன் அன்று அந்தச் சண்டையில்தான் இறந்தார். கிழவனான பிறகும் அவன் அதை மறக்கவில்லை.

மறுவருஷம் மார்ச்சில் அபிகெய்ல் கணவனுக்கு எழுதினாள்: புதிய சட்டங்கள் இயற்றும்போது பெண்களை நினைவில் வையுங்கள். சிரிப்புத்தான் வருகிறது என்று பதில் போட்டார் ஜான். எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர். அந்த ஒரு பதிலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகனின் அதிபர் பதவி நான்கு வருஷம், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1828 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் மரியாதை. அதிபராக இருந்தவர் 1830இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராக நின்று ஜெயித்தார். அடிமை முறைக்கு எதிரான மனுக்களைப் பேசாமலே ஓரங்கட்டிவிடலாம் என்று 1836இல் சபை விதி போட்டது. எட்டு வருஷம் விடாமல் மோதி, 1844இல் அதை நீக்கவைத்தார். இடையில் 1841இல், எழுபத்து மூன்று வயதில், அடிமைகளாகக் கடத்தப்பட்டு அமிஸ்டாட் கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் விடுதலையானார்கள். 1848 பிப்ரவரி 21 அன்று சபையில் தன் இடத்திலேயே சரிந்தார். சபாநாயகர் அறையில் கிடத்தினார்கள். இரண்டு நாள் கழித்து உயிர் அங்கேயே பிரிந்தது.

அப்பா பெயரில் வந்தவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பதினேழு வருஷ உழைப்பை எந்த அப்பா தரமுடியும், சொல்லு!

அபிகெய்ல் 1818இலேயே போய்விட்டாள். மகன் அதிபரானதை அவள் பார்க்கவில்லை. அதைவிட எனக்கு வருத்தம் வேறு. அவர் சபைக்குக் கொண்டுவந்த மனுக்களில் நிறையப் பெண்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பெண்களுக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்குப் பதிலாக, 1838இல் பெண்களின் மனு உரிமைக்காக நாள்கணக்கில் எழுந்து பேசினார். அதைக் கேட்க அவள் இல்லாமல் போனாளே.

பொங்கலுக்கு வா, மீதியை நேரில் சண்டை போடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்