பழைய தொடர்களைத் தொலைத்துவிடக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இப்போது எந்தத் தொடரை வேண்டுமானாலும் ஒரே இரவில் பார்த்து முடித்துவிடலாம், ஆனாலும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் என் கை தேடிப் போவது கருப்பு வெள்ளைத் தொடர்களைத்தான். அந்த முகப்பு இசை கேட்டதுமே, வாரம் முழுக்கக் காத்திருந்து வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த நாட்கள் அப்படியே வந்துவிடுகின்றன. அந்தக் காத்திருப்பே ஒரு சுகம்.

வருத்தம் என்னவென்றால், அவற்றில் எத்தனையோ இன்று இல்லவே இல்லை. ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் 1951-லேயே 35 மி.மீ. பிலிமில், மூன்று கேமராக்களை வைத்து, பார்வையாளர்கள் முன்னால் எடுக்கப்பட்டது, அதனால்தான் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் பிபிசி போன்ற பெரிய நிறுவனங்களே பழைய பதிவுகளை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தன. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் 1960-களின் எபிசோடுகள் பல அப்படித்தான் போயின. ஆனால் அவற்றின் ஒலி மட்டும் முழுசாகக் கிடைக்கிறது, ரசிகர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்ததால்! இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால் பரணில் பழைய விஎச்எஸ் வீடியோ கேசட் வைத்திருப்பவர்கள், தூக்கிப் போடுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள், முடிந்தால் கணினியில் ஏற்றி வையுங்கள். அதில் உள்ள காந்த நாடா நாளாக ஆக மங்கிக்கொண்டே போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்