வரப்புத் தகராறு வழக்கு: கயலுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். வரப்புத் தகராறு, உன் கட்சிக்காரர் மண்வெட்டியால் தலையில் அடித்த ஒரே அடியில் எதிராளி இறந்துவிட்டார், கட்சிக்காரர் முழங்கையிலும் வெட்டுக்காயம் என்று போனில் சொன்னாய். முதலில் சம்பவத் தேதியைப் பாரம்மா. 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் 302 (கொலை), 304 (கொலை அளவுக்கு ஏறாத மரணம்). அன்றோ பிறகோ என்றால் அதற்குப் பதில் வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103, 105, அதே வரிசையில்.

அமெரிக்காவில் சொல்லும் முதல் நிலைக் கொலை, இரண்டாம் நிலைக் கொலை நம் சட்டத்தில் இல்லை. மரணம் விளைவித்த குற்றமா, அது கொலை அளவுக்கு ஏறுகிறதா, ஏறினாலும் விதிவிலக்கு ஏதும் இறக்கிவிடுகிறதா என்று இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

"கொல்லும் எண்ணமே இல்லை" என்பதை மட்டும் நம்பி நிற்காதே. 1958-ல் வீர்சா சிங் வழக்கில் வயிற்றில் ஈட்டியால் ஒரே குத்துதான்; கொலை என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்ததா, அந்தக் காயம் இயற்கையான போக்கில் உயிரைப் பறிக்கப் போதுமானதா, இவ்வளவுதான் கேள்வி. அதனால் பிரேதப் பரிசோதனைச் சான்றில் டாக்டர் எழுதிய கடைசி வரியை எழுத்தெழுத்தாகப் படி. "மரணம் விளைவிக்கப் போதுமானது" என்பதற்கும் "விளைவிக்கக்கூடியது" என்பதற்கும் நடுவில் ஒரு மனிதரின் ஆயுள் கிடக்கிறது. மண்வெட்டியின் இலை பட்டதா, காம்பு பட்டதா என்றும் பார்.

ஆத்திரம் என்று வாதாடினால் நிமிடங்களை எண்ணுவார்கள். மனைவியின் காதலரைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், மனைவி உண்மையைச் சொன்னதற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் நடுவே சுமார் மூன்று மணி நேரம். 1961-ல் அந்த விதிவிலக்கு கிடைக்கவில்லை. உன் வழக்குக்கு அதைவிடத் திடீர்ச் சண்டை பொருந்தும். முன்திட்டம் இருக்கக் கூடாது, கொடூரமாகவோ எதிராளியின் நிலையைச் சாதகமாக்கிக்கொண்டோ நடந்திருக்கக் கூடாது. விழுந்தவரை மறுபடி அடித்ததாகச் சாட்சி சொன்னால் அது போய்விடும். கிடைத்தால் 105: கொல்லவோ, மரணம் விளைவிக்கக்கூடிய காயத்தை உண்டாக்கவோ எண்ணம் இருந்தால் ஆயுள், அல்லது ஐந்து முதல் பத்து ஆண்டு, மரணம் நேரலாம் என்று அறிந்து செய்தது மட்டும் என்றால் பத்து ஆண்டு வரை.

ஆனால் என் மனம் தற்காப்பில்தான் நிற்கிறது. முழங்கைக் காயம் தடுக்கும்போது பட்டது போல இருக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் கொல்லும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். ஆபத்து நீங்கியதும் முடிந்துவிடும். நிரூபிக்கும் பாரம் நம்முடையதுதான், ஆனால் அரசுத் தரப்பைப் போல ஐயமற நிரூபிக்க வேண்டாம், அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். குற்றம் சாட்டப்பட்டவரின் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் அவர்கள் கதை முழுதாக இல்லை என்பதை 1976-ன் லட்சுமி சிங் தீர்ப்பைக் காட்டிச் சொல்லலாம். சிறு கீறல் என்றால் அது எடுபடாது. "நான் அங்கேயே இல்லை" என்று கட்சிக்காரரைச் சொல்ல விடாதே. பிறகு தற்காப்பு வாதம் நொண்டும்.

அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலும், சிறையில் சேர்த்தபோது குறித்த காயப் பதிவும் வழக்குக் கட்டுக்குள் இருக்கின்றனவா? இல்லையென்றால் டாக்டர் கூண்டேறும் முன் மனு போட்டு வரவழை.

அன்புடன்,
அப்பா