சூரைச்செடிக்குக் கீழ படுத்தவனுக்குக் கெடச்ச அடை

லேய் மக்கா,

ஒன் மெசேஜ் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கெடந்துச்சு, காலையிலதான் பாத்தேன். "சும்மாதான் முழிச்சிருக்கேன்"னு எழுதிருக்க பாரு, அதுலயே புரிஞ்சு போச்சு. மதினி போயி எட்டு மாசம், அம்பத்தூர் வீட்டுல நீயும் டிவியும். ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தை வரமாட்டேங்குன்னு சொல்லுத. எனக்கும் வரலலே, ஒங்கிட்ட நான் அத சொன்னதே இல்ல.

2020 ஞாபகம் இருக்கா, ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, பவனி கெடையாது, சர்ச் பூட்டி கெடக்கு, அன்னைக்கு ராத்திரிதான் ஒம்பது மணிக்கு ஒம்பது நிமிஷம் லைட்ட அணைச்சு விளக்கு ஏத்தச் சொன்னாவ. அப்பம்லாம் நான் நல்லாத்தான் இருந்தேன், யூடியூப்ல ஆராதனை பாத்துக்கிட்டு, சட்டைக்கு கீழ கைலியோட. ஜூலையில எனக்கு கொரோனா பாசிட்டிவ் ஆச்சு. மாடி ரூம்ல பதினாலு நாள். ஒங்க தங்கச்சி தட்ட படியில வச்சுட்டு கரண்டியால ரெண்டு தட்டு தட்டிட்டு கீழ போயிருவா, அந்த சத்தம்தான் ஒரு நாளைக்கு மூணு தடவ எனக்கு மனுஷ வாசம்.

கூத்து என்னன்னா காய்ச்சல் போன பொறவும் நான் கீழ எறங்கல. ஒரு மாசம். பயமா, வெறுப்பா, இன்னதுன்னே தெரியல. ஜெபக்கூட்டத்துல ஒருத்தர் போன்ல "விசுவாசம் இருந்தா மனசோர்வு வராது பிரதர்"ன்னாரு, அன்னைக்கு போன தூக்கி மெத்தையில எறிஞ்சேன் பாத்துக்கோ. விசுவாசம் இல்லாமலா பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ படுத்து, போதும் கர்த்தாவே என் உயிர எடுத்துக்கிடும்னு கேட்டான்?

அந்த 1 இராஜாக்கள் 19 நாம சண்டே ஸ்கூல்லயே படிச்சதுதான், ஆனா மாடியில கெடந்து வாசிக்கும்போதுதான் கண்ணுல பட்டுச்சு, கர்த்தர் அவன திட்டல, பிரசங்கமும் பண்ணல. தூங்க விடுதாரு. தலமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும். தின்னுட்டு திரும்பவும் படுக்கான், கர்த்தரோட தூதன் திரும்பவும் எழுப்பி சாப்பிட சொல்லுதான், நீ போகவேண்டிய தூரம் ரொம்பன்னு. பேச்செல்லாம் நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு போன பொறவுதான். நான் வாசிச்சுட்டு இருக்கும்போதே படியில கரண்டி சத்தம் கேட்டுச்சு, போயி பாத்தா கஞ்சி, பயறு, சுட்ட அப்பளம். அழுதுட்டேன்லே.

மறுவாரம் டாக்டர்ட்ட போனேன், மாத்திரை தந்தாரு, எட்டு மாசம் சாப்பிட்டேன். மாத்திரை போட்டுட்டுதான் ஜெபமும் பண்ணுனேன், ஒண்ணுக்கொண்ணு சண்டையே வரல. வார்த்தை வராத நாள்ல 88ம் சங்கீதத்த சத்தமா வாசிப்பேன், அது கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், அதையும் பைபிள்ல வச்சிருக்காவ பாரு, அதுதான் எனக்கு தெம்பு. (நம்ம மயிலாடி மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரு 1806ல வந்து, 1809ல சர்ச் கட்டி, 1816ல ஒடம்புக்கு முடியாம கப்பலேறுனாரே, கடைசியில எங்க எப்படி செத்தாருன்னு யாருக்கும் தெரியாது. அவருக்கு யாரு படியில கஞ்சி வச்சாவளோ, அத நெனைப்பேன் அப்பப்ப.)

நீ மொதல்ல ஒழுங்கா சோறு தின்னு. ரெண்டு மணிக்கு முழிச்சுக் கெடந்தா எனக்கு அடி, நான் எடுக்கலன்னா 14416க்கு அடி, டெலி மானஸ்னு கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன், காசு கெடையாது, தமிழ்ல பேசுவாவ, ராத்திரியும் எடுப்பாவ. டாக்டர்ட்டயும் போயி காமி, வெக்கப்படாத.

வார வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. பயறு ஒரு கிலோவும் நேந்திரங்கா சிப்ஸும் எடுத்துட்டு வாரேன், ஒன் வீட்டு குக்கருக்கு வாஷர் இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்து சொல்லு.

ஒன்
பழைய பெஞ்சுக்காரன்